எதிர்மலையில் எரிந்த லைட்

நேற்று எங்க ஊட்டுக்காரர் பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று ஏறினார். அங்கிருந்த தூசியையெல்லாம் என் தலையில் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "இதை என்ன பண்றது? தூக்கிப் போட்டறலாமா?" என்றார். திறந்து பார்த்தேன். அந்த டைமர். கைக்குள் அடங்குகிற வெள்ளை வட்டம், சுற்றிலும் மணி எண்கள். பாத்ரூம் கீசர் தானாகப் போட்டு தானாக அணையட்டும் என்று அவர் வாங்கி வந்தது. வட்டத்தைக் கையால் திருகினேன். கிர்ர் என்று அதே சத்தம். "பரண்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் பெட்டியை மறுபடியும் மேலே ஏற்றினார். அவருக்கும் தெரியும்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன், புள்ள. நான் எதையும் நேரத்துக்குச் செய்தவளில்லை. இதையும் நீ போனபிறகுதான் செய்கிறேன்.

எஸ்டேட்டில் நாம் இருந்த காலத்தில் ஃபாக்டரி சங்கு ஊதினபிறகு ஆபீஸ் படியேறுகிற ஒரே ஆள் நான்தான். வழியில் உன் பிள்ளைக் காம்பரா இருக்கும். தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போனதும் குழந்தைகளை நீதான் பார்த்துக்கொள்வாய். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, தொட்டிலில் அலறுகிறது இன்னொன்று. அத்தனைக்கும் நடுவில் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கத்துவாய்: "மெதுவாப் போ புள்ள. சங்கு ஊதி முடிஞ்சிருச்சு, இனி ஓடி என்ன பண்ண?" நான் துரையிடம் சொல்ல ஒரு காரணத்தை நடந்துகொண்டே தயார் செய்துகொண்டிருப்பேன். பால்காரன் வரவில்லை, கரண்ட் இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு தடவைகூட "எழுந்திருக்கச் சோம்பல்பட்டுட்டேனுங்க" என்று சொன்னதில்லை. அந்தக் காரணங்களையெல்லாம் நான் பொய் என்று நினைத்ததே கிடையாது. காலையில் பல் துலக்குவது மாதிரி அதுவும் ஒன்று.

நீ அப்படியில்லை. ஒரு மத்தியானம் நீ சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாய். தவழ்கிற குழந்தை ஒன்று வாசலைத் தாண்டி, லாரி வருகிற மண்ரோட்டு ஓரம் வரைக்கும் போய்விட்டது. விழித்து, ஓடிப்போய்த் தூக்கி வந்தாய். குழந்தைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் சாயங்காலம் நீயே ஆபீசுக்கு வந்து துரை முன்னால் நின்று, "நான் தூங்கிட்டேனுங்க. பிள்ளை ரோட்டுக்குப் போயிருச்சுங்க" என்று சொன்னாய். உன்னைக் கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த உத்தரவை டைப் அடித்தவள் நான். அடிக்கும்போதே எனக்குக் கோபம் பொங்கியது, உன் மேலே.

"பைத்தியமாடி உனக்கு? ஒருத்தரும் பாக்கலியே. எதுக்குப் போய்ச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பாத்திருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க. பாக்கலைங்கறதாலதான் நான் சொல்லோணும்."

எனக்கு அது விளங்கவே இல்லை. நல்லவளாக இருப்பதில் உனக்கு ஒரு வீம்பு என்றுதான் நினைத்தேன். எங்க ஊட்டுக்காரரிடம் உன்னைப்பற்றிக் குறைகூடச் சொன்னேன்.

ஆனால் சபையில் பார், எல்லாம் தலைகீழ். பெண்கள் கூட்டத்தில் ஜெபம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீடு பிரதிஷ்டையா, ஆஸ்பத்திரியில் ஆளா, பரீட்சைக்குப் போகிற பிள்ளையா, "அக்கா, நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க." கண்ணை மூடினால் போதும், எனக்கு வார்த்தைகள் கொட்டும். கேட்கிறவர்கள் அழுவார்கள். சில சமயம் நானே அழுவேன். நீயோ ஜெபம் பண்ணச் சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாய். அது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ரிடையர் ஆனபிறகு நாங்கள் இந்தச் சரிவில் வீடு கட்டினோம். நீயும் உன் மகளும் எதிர்ச்சரிவில் குடியேறினீர்கள். நடுவில் தேயிலையும் ஒரு ஓடையும்தான். இங்கிருந்து பார்த்தால் உன் கொடியில் காய்கிற துணியின் நிறம் தெரியும். ஆனால் உன் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் பஸ் ரோட்டைப் பிடித்து மலையையே சுற்ற வேண்டும். "கைக்கு எட்டுது, காலுக்கு எட்டலியே" என்று சொல்லிச் சிரிப்பாய்.

அப்புறம் உன் நோய் வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னபிறகு, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டாய். உன்னைப் பார்க்க வந்த ஒருநாள், மகள் அடுப்படிக்குப் போன சமயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாய்.

"விடியக்காலந்தான் ஆகறதில்ல புள்ள. வலி அப்பத்தான் ஜாஸ்தி. அவளை எழுப்பவும் மனசு வரல. பயமா இருக்குது."

நீ பயமாயிருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. உடனே சொன்னேன்: "காலைல அஞ்சு மணிக்கு நான் எழுந்து உனக்காக ஜெபம் பண்றேன். தினமும். எங்க அடுப்படி ஜன்னல்ல லைட் போட்டு வைக்கறேன். அதைப் பாத்தா நான் உன்கூட முழிச்சிருக்கேன்னு நெனச்சுக்கோ."

உன் முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நிஜமாலுமா? உனக்குக் குளிர் ஆகாதே" என்றாய்.

"குளிர் என்ன பண்ணும்?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் எழுந்தேன். ஜன்னலில் டேபிள் லைட்டைப் போட்டு, சிமெண்ட் தரையில் பாயை விரித்து முழங்காலில் நின்றேன். மார்கழிக் குளிரில் தரை கொதிக்கிற மாதிரி சுட்டது. உன் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே உன் ஜன்னலிலும் வெளிச்சம். இரண்டு மலைக்கும் நடுவில் நாம் இரண்டு பேர் மட்டும் விழித்திருக்கிறோம் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துபோகும்.

அப்புறம் முழங்கால் வலித்தது, நாற்காலிக்கு மாறினேன். அதில் தப்பொன்றும் இல்லை. நாற்காலியில் குளிர்ந்தது, லைட்டைப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து ஜெபித்தேன். அதிலும் தப்பில்லை. பிறகு படுத்தபடியே. தேவன் மனசைத்தானே பார்க்கிறார் என்று எனக்கு நானே பிரசங்கம் பண்ணிக்கொண்டேன். படுத்த ஜெபம் பாதியில் தூக்கமாயிற்று. சில நாளில் பாதியும் போய், லைட்டைப் போடுவது, படுப்பது, தூங்குவது என்று ஆயிற்று. சோம்பல் என்னிடம் ஒருநாளும் "செய்யாதே" என்று சொல்லவில்லை, புள்ள. "கொஞ்சம் வசதியாச் செய்" என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே போனேன்.

இதிலும் ஒரு கொடுமை மிச்சமிருந்தது. அந்த லைட்டைப் போட எழுவதுகூட எனக்குப் பாரமாகிவிட்டது. ஒருநாள் எங்க ஊட்டுக்காரரிடம், "அந்தக் கீசர் டைமரை டேபிள் லைட்டுக்கு மாட்டிக் குடுங்க" என்றேன். அவர் ஃபாக்டரியில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். ஸ்க்ரூட்ரைவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜெபத்துக்கும் டைமரா?"

"நான் படுத்துட்டே பண்றேனுங்க. லைட் எரிஞ்சாப் போதும், அவளுக்கு ஒரு தைரியம்."

மாட்டினார். அதற்கப்புறம் ஐந்து மணிக்கு அது தானாக எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. நான் பாட்டுக்குத் தூங்கினேன். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "உன் லைட் ஒருநாளும் தவறல புள்ள. மிஸ்ட் இறங்கி மறைச்சாலும் அது எரியும்னு எனக்குத் தெரியும். அதுக்காகவே அஞ்சு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குவேன்" என்பாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று உன் மகள் நினைத்திருப்பாள்.

அந்தப் புயல்மழை ராத்திரி நினைவிருக்கிறதா? ரோட்டில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, மறுநாள் மத்தியானம்வரை இரண்டு மலைக்கும் கரண்ட் இல்லை. அன்று விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தது. கரண்டே இல்லை, நான் என்ன செய்ய, என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். மத்தியானம் கரண்ட் வந்ததும், உன்னை மழைக்குப்பின் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். கரண்ட் போனால் டைமரும் நின்றுவிடும், வந்தபின் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும் என்பது எங்க ஊட்டுக்காரருக்குக்கூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே இருட்டிவிட்டது. நீ கேட்டாய், "காலைல கரண்ட் இல்லையே, மெழுகுவத்தி ஏத்தி ஜன்னல்ல வெச்சேன். நீ இருட்டுல பயப்படுவேன்னு. பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். அழகா இருந்துச்சு" என்றேன்.

வாய் மூடவில்லை, எதிர்மலையில் எங்கள் ஜன்னலில் லைட் எரிந்தது.

பூட்டின வீடு. அதில் இருக்கிற இரண்டு பேரும் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். நீ அந்த வெளிச்சத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். டீ கொண்டுவந்த உன் மகள் தம்ளரோடு அப்படியே நின்றாள். எங்க ஊட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"வரும்போது அணைக்க மறந்துட்டேனாட்ட இருக்கு" என்றேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த ஜன்னல் இருட்டாகக் கிடந்ததை நாம் எல்லாரும்தான் பார்த்திருந்தோம்.

டீயைக் குடிக்கச் சொன்னாய். ரோட்டில் விழுந்த மரம் என்ன மரம் என்று கேட்டாய். நான் எதெதையோ பேசினேன். கிளம்புகிற நேரத்தில் வழக்கம்போல நான் கண்ணை மூடப் போனேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

"இன்னிக்கு நான் பண்றேன்" என்றாய். உன் ஜெபம் வழக்கத்தைவிடச் சின்னது. "ஆண்டவரே, இவளுக்கு நல்ல தூக்கத்தைக் குடும். ஆமென்."

கண்ணைத் திறந்தபோது எதிரே எங்கள் ஜன்னல் இருண்டிருந்தது. அந்த லைட், தன் நேரம் முடிந்து தானாகவே அணைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்க ஊட்டுக்காரர் டைமரைக் கையில் எடுத்து, "நேரத்தைச் சரி பண்ணட்டுமா, கழட்டிப் போடட்டுமா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதிலைத்தான் இப்போது நினைத்து நினைத்துச் சாகிறேன். "சரி பண்ணுங்க" என்றேன். கழட்டிப் போட்டால் அடுத்தநாள் இருட்டாகிவிடும். இருட்டானால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுந்து உட்கார்ந்திருக்கலாம், அது ஒன்றும் பெரிய மலையில்லை. அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் ஜலதோஷம். மறுபடியும் பழைய ஆபீஸ் காரணங்கள். பின்பு வந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. நீ என் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

ஒரு விடியற்காலை போய்விட்டாய். நான் கம்பளிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், என் ஜன்னலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழும்போது, "அம்மா கடைசியா உங்க லைட்டைத்தான் பாத்துட்டு இருந்தாங்க சித்தி" என்றாள். மண் என்னை அப்படியே விழுங்கியிருக்கலாம்.

நினைவு ஆராதனையில் ஆயர் அதைப் பிரசங்கமாகவே சொன்னார். எதிர்மலையில் ஒரு சகோதரி, குளிரிலும் மழையிலும் தவறாமல், தன் தோழிக்காக விழித்திருந்த கதை. இயேசு ஜெபித்த ராத்திரியில் தோட்டத்தில் தூங்கிப்போன சீஷர்களோடு என்னை ஒப்பிட்டு, இந்தச் சகோதரி தூங்கவில்லை என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை, எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை வீட்டில், எத்தனை பேர் முன்னால் சரம் சரமாகப் பேசின வாய். அது அன்றைக்குத் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் சமூகக்கூடத்தில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ அன்று துரையின் முன்னால் நின்றது என் கண்ணுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் நான் சொல்லவேண்டும் என்றாயே, அது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உன் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. வார்த்தை தயார் செய்துகொள்ளாமல் நான் பேசினது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"நான் தூங்கிட்டேன் கண்ணு. அந்த லைட் டைமர்ல எரிஞ்சுது. ரொம்ப நாளா நான் எழுந்திருக்கவே இல்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் தரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியுமுங்க சித்தி. அன்னிக்கே தெரியும். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஜன்னலைச் சாத்தப் போனேன். அம்மா விடல. 'அவ எனக்காகப் பண்றான்னு இத்தனை நாள் சும்மா படுத்துக் கெடந்தேன். இனி நான் அவளுக்காகப் பண்ணிக்கறேன். அந்த லைட்டைப் பாத்தா அவ ஞாபகம் வரும், மறக்காது' அப்படீன்னாங்க. கடைசி வரைக்கும் அஞ்சு மணிக்கு உங்களுக்காகத்தான் சித்தி ஜெபம் பண்ணாங்க."

வலியோடு. பல்லைக் கடித்துக்கொண்டு. நான் அனுப்பிவைத்த பொய் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு எனக்காக. அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உன் மகள்தான் தூக்கிவிட்டாள். அடுத்த பெண்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று இதைச் சொன்னேன். அதற்கப்புறம் என்னை ஜெபத்துக்குக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. அதுவும் நியாயம்தான்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டதா என்று கேட்டால், ஆண்டவர் மன்னிப்பார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் உனக்குச் செய்யாமல் விட்டதைச் செய்துமுடிக்க வழியில்லையே. போனவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லை. அவர்களுக்கு இனி நம் ஜெபம் தேவையில்லை என்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். எனக்குத்தான் தேவைப்படுகிறது. உன் பெயர் நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். நீ உயிரோடு காத்திருந்தபோது நான் சொல்லாமல் விட்ட பெயர். இப்போது உன் மகளின் பெயரைச் சொல்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த அன்றைக்கே டைமரைக் கழட்டியாயிற்று. இப்போது லைட்டை என் கையாலேயே போடுகிறேன். நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இத்தனை வருஷத்துப் பழக்கம் ஒரு அழுகையில் போகுமா? கம்பளி இன்னும் அதே சூடாகத்தான் இருக்கிறது. எழுகிற நாளும் உண்டு, எழாத நாளும் உண்டு. எழாத நாளில் லைட்டைப் போடுவதில்லை. ஜன்னல் இருட்டாகவே கிடக்கும், இரண்டு மலையும் பார்க்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் வாசலில் உன் மகள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "செவ்வாக்கெழமை தூங்கிட்டீங்களா சித்தி?" ஜலதோஷம் என்று வாய்வரை வந்தது. பழக்கம். அடக்கிக்கொண்டு, "ஆமா கண்ணு, தூங்கிட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு.

இன்று எழுந்தேன், புள்ள. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எதிரே உன் ஜன்னல் இருட்டாக இருந்தது, மகள் தூங்குகிறாள் போல. நல்ல தூக்கத்தைக் குடும் என்று மட்டும் அவளுக்காகக் கேட்டேன்.

நாளைக்கு எழுவேனா, தெரியாது. எழுந்தால் லைட் எரியும்.